இறுகிய போல்ட்டும் அளவறிந்த கையும்

(வாடிப்பட்டியில் நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் இளைஞர்களுக்கு ஆற்றிய உரை)

 

கல்விச் சங்க மேடையில் பேசுவோர் பள்ளியையும் கல்லூரியையும் பற்றிப் பேசுவது வழக்கம். நாங்களோ பட்டறைக் கல்வியைப் பற்றிச் சில சொல்ல வந்திருக்கிறோம். அதிலும் ஒரு சிறு பொருளையே எடுத்துக்கொண்டோம். பழைய கார்களில் கழற்ற வராமல் இறுகிப்போன போல்ட்டே அப்பொருள். சிறிதாயினும், பட்டறையில் எடுபிடியையும் மெக்கானிக்கையும் பிரித்துக் காட்டுவது அதுவேயாம்.

மதுரை–திண்டுக்கல் நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில் நம் பிள்ளைகள் பலர் வேலை பழகுகின்றனர். ஸ்பானரை எடுத்துக் கொடுக்கவும் சக்கரத்தைக் கழற்றவும் அவர்களுக்குச் சொல்லப்படுகிறது, காரணம் சொல்லப்படுவதில்லை. காரணம் அறியாத கைக்கு வலிமை ஒன்றே கருவி. வலிமையை மட்டும் நம்பினால் போல்ட்டின் தலை வழுக்கிப்போகும்; பழியும் அப்பிள்ளையின் மீதே விழும்.

தலை வழுக்குவதற்கு முதற்காரணம் துரு அன்று, அளவே ஆகும். அம்பாசிடர் கார் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியிலிருந்து வந்தது. ஆகவே அதன் பழைய எஞ்சினில் போல்ட்டுகள் அங்குல அளவின. இத்தாலிய பியட்டின் வழிவந்த பிரீமியர் பத்மினியோ மில்லிமீட்டர் அளவினது. அம்பாசிடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றது. எனினும் அவ்வண்டியைப் போற்றி வைத்திருப்போர் இன்றும் உளர். இன்று பட்டறைகளில் கிடக்கும் ஸ்பானர்களில் பெரும்பாலானவை மில்லிமீட்டர் ஸ்பானர்களே. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டரை நூல், அதாவது 5/16 அங்குலப் போல்ட்டின் தலை அரை அங்குலம், மில்லிமீட்டரில் 12.7. அதில் 13 எண் ஸ்பானரை மாட்டினால் அது பொருந்தியது போலவே தோன்றும். ஆனால் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. போல்ட்டு இளகியிருந்தால் அந்த இடைவெளி தெரியாது. இறுகியிருந்தாலோ ஸ்பானர் பட்டையைப் பிடிக்காமல் முனைகளைப் பிடித்து மழுக்கிவிடும்.

மரையும் அவ்வாறே. மேற்சொன்ன இரண்டரை நூல் போல்ட்டில் அங்குலத்துக்கு 24 மரை. அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 1.06 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் போல்ட்டிலோ அந்த இடைவெளி பொதுவாக 1.25 மில்லிமீட்டர். தடிமனில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. ஒன்றின் நட்டை மற்றதில் ஏற்றினால் இரண்டு சுற்று சென்று நின்றுவிடும். மேலும் முறுக்கினால் மரை அழியும். எனவே கையால் ஏறாத நட்டை ஸ்பானரால் ஏற்றலாகாது.

இரண்டாவது காரணம் துரு. இரும்பு துருவாகும்போது முன்னிலும் மிகுதியான இடத்தைக் கொள்ளும். மரைகளுக்கிடையே இடமில்லாமையால் அது ஆப்புப்போல் இறுகுகிறது. இதற்கு முதல் மருந்து பொறுமை. வெளியே தெரியும் மரையைக் கம்பித் தூரிகையால் துலக்குங்கள். மண்ணெண்ணெயோ துரு இளக்கும் எண்ணெயோ விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் தலையில் சுத்தியலால் அளவாகத் தட்டுங்கள். அவ்வதிர்ச்சியில் துரு விரிசல்விட, எண்ணெய் உள்ளே இறங்கும். பின் ஆறுபட்டை பாக்ஸ் ஸ்பானரையோ பொருத்தமான ரிங் ஸ்பானரையோ மாட்டி, முதலில் சற்றே இறுக்கும் பக்கமும் பிறகு தளர்த்தும் பக்கமுமாக அசைத்துப் பாருங்கள். அதற்கும் முன் மரை எப்பக்கத்தது என்று அறியுங்கள். சைக்கிளின் இடப்பக்க மிதியில் இருப்பதுபோன்ற இடமரை சில வண்டிகளின் சக்கர நட்டுகளிலும் உண்டு.

தலை மழுங்கிவிட்டால் மனம் தளர வேண்டா. அரை அங்குலத் தலையை எதிரெதிர்ப் பட்டைகளில் அரத்தால் ராவி 12 மில்லிமீட்டர் ஆக்கினால், 12 எண் ஸ்பானர் பிடித்துக்கொள்ளும். அதுவும் பயனளிக்காவிடில், தலையின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்பலாம். அச்சூடே துருவின் பிடியையும் தளர்த்தும். தலை முறிந்துபோனால் நடுவில் குறியிட்டுத் துளைத்து, இடமரை எடுப்பானைச் செலுத்தலாம். ஆயின் எடுப்பான் மிகக் கடினமான எஃகினால் ஆனது. அது உள்ளே ஒடிந்தால் சாதாரணத் துளை ஊசி அதனைத் துளைக்காது. இங்கே அவசரம் கூடவே கூடாது.

உயிர்க்காப்பு பற்றி ஒரு சொல். ஜாக்கியின்மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் படுத்து, இறுகிய போல்ட்டை இழுக்காதீர்கள். இழுக்கும் விசையில் வண்டி சரியும். உறுதியான ஸ்டாண்டுகளைக் கொடுத்த பிறகே உள்ளே செல்லுங்கள். பெட்ரோல் டாங்கு, பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் ஆகியவற்றின் அருகே நெருப்பு வைக்காதீர்கள். எண்ணெய் ஊறிய இடத்தைத் துடைக்காமல் சூடேற்றாதீர்கள். முதலாளி அவசரப்படுத்தினாலும், "ஸ்டாண்டு வையுங்கள் ஐயா, பிறகு இறங்குகிறேன்" என்று சொல்லுங்கள். அவ்வாறு சொல்வது பணிவுக் குறைவு ஆகாது. கழற்றிய பின்னும், தலை மழுங்கிய போல்ட்டைப் பிரேக்கிலோ ஸ்டியரிங்கிலோ மீண்டும் பூட்டாதீர்கள். அவ்வண்டியில் ஏறுவோரின் உயிர் உங்கள் கையில் இருக்கிறது.

இளைஞர்களே! அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தார். அக்காலத்தில் அவர் நம் மக்களுக்கு அறிவியல், தொழில்நுட்பக் கல்வி வேண்டுமென்று அரசை வற்புறுத்தினார். கைத்திறன் நம்மிடம் என்றும் இருந்தது. அத்திறனுக்குரிய கணக்கும் சான்றிதழுமே நமக்கு மறுக்கப்பட்டன. இன்று தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டாண்டுப் பயிற்சியாக இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறியோர் அதில் சேரலாம். அதன்பின் 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி உதவித்தொகையுடன் பழகவும் வழியுண்டு. பட்டறையில் இருப்போர் அங்கே சேருங்கள். அங்கே படிப்போர் பட்டறைக்கு வந்து கை பழகுங்கள்.

எங்கள் சங்கத்தாரை ஒன்று வேண்டுகிறோம். நூலகத்தில் நூல்களுக்கு அருகே ஓர் அங்குல ஸ்பானர் தொகுதியும், ஒரு மில்லிமீட்டர் ஸ்பானர் தொகுதியும், மரை அளக்கும் தகடுகளும் வையுங்கள். மாலையில் வரும் பிள்ளை இரண்டையும் கையில் எடுத்து, 12.7க்கும் 13க்கும் உள்ள வேற்றுமையைத் தானே உணரட்டும். அவ்வேற்றுமையை உணர்ந்த பிள்ளையை எவரும் நெடுநாள் எடுபிடியாக வைத்திருக்க இயலாது.