நுரைக்கும் நீரும் நுண்ணிய உலோகமும்

புண்ணைக் கழுவுவதற்கென ஊற்றும் திரவம் பொங்கி நுரைப்பதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அதுவே ஐதரசன் பேரொட்சைட்டு. 1818 ஆம் ஆண்டிலே தெனார் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் இதனைக் கண்டறிந்தார். நீரின் மூலக்கூற்றிலே ஒட்சிசன் அணு ஒன்று, இதிலோ இரண்டு. குருதியிலுள்ள நொதியமொன்று இதனை நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிப்பதனாலேயே நுரை எழுகின்றது.

இதனை அளப்பதால் யாது பயன் என வினவுவீர்கள். நீரிழிவு நோயாளருக்கு அது பெரும் பயன். குளுக்கோசு ஒட்சிடேசு என்னும் நொதியம் குளுக்கோசு வெல்லத்தை மாற்றும்போது, வெல்லத்தின் அளவுக்கேற்ப ஐதரசன் பேரொட்சைட்டு உண்டாகின்றது. ஆகவே, இதனை அளந்தால் வெல்லத்தின் அளவை அறியலாம். நொதியத்தை மின்வாயோடு இணைக்கும் வழியை அமெரிக்க அறிஞர் கிளார்க், 1962 இல் லயன்சு என்பாருடன் சேர்ந்து வெளியிட்டார். தோலின்கீழ்ச் செருகி வெல்லத்தை இடையறாது அளக்கும் கருவிகளுட் சில, பேரொட்சைட்டை அளந்தே இயங்குகின்றன.

பிளாற்றின மின்வாய்க்கு ஏறத்தாழ 0.6 வோற்று மின்னழுத்தம் கொடுத்தால், பேரொட்சைட்டு மூலக்கூறு ஒவ்வொன்றும் இரண்டு இலத்திரன்களை ஈந்து ஒட்சிசனாகின்றது. அவ்வாறு எழும் மின்னோட்டமே நமக்குக் கணக்கு. ஆனால், இங்கே ஓர் இடர் உண்டு. அதே மின்னழுத்தத்திலே உயிர்ச்சத்து சீயும், காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பரசிற்றமோலும் இலத்திரன்களை ஈயவல்லவை. இடாப்பு வாசிக்கையில், வராத மாணவனுக்காக வேறொருவன் "உள்ளேன் ஐயா" என்பது போன்றது இது. பொய்யாக உயர்ந்த எண்ணை நம்பி இன்சுலினை மிகுதியாக ஏற்றிக்கொண்டால், உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இவ்விடரைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றே உலோக நுண்துகள். நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. பக்கம் 1 சதமமீற்றர் உள்ள உலோகக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சதமமீற்றர். அதனையே 10 நனோமீற்றர்க் கட்டிகளாக வெட்டினால், மொத்த மேற்பரப்பு 600 சதுர மீற்றராகும்! தாக்கம் நிகழ்வது மேற்பரப்பிலேயே. எனவே, சிறிதளவு உலோகமும் பெரும்பணி ஆற்றும். வெள்ளித் துகள்களோ, பேரொட்சைட்டுக்கு இலத்திரன்களை வழங்கி நீராக்குகின்றன. அவ்வாறு வழங்கும் தாழ்ந்த மின்னழுத்தத்திலே, உயிர்ச்சத்தும் மருந்தும் பெரும்பாலும் வாளாவிருக்கும்.

எனினும், கரைந்துள்ள ஒட்சிசன் அங்கே குறுக்கிடலாம். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு வலுவிழக்கவுங்கூடும். ஆராய்ச்சி முற்றுப்பெறவில்லை. ஆயினும் ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள்: கருவி காட்டும் எண் ஒரு சாட்சியே, தீர்ப்பு அன்று. உடல்நிலைக்கு ஒவ்வாத எண்ணைக் கண்டால், உட்கொண்ட மருந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.