பாதி வழியில் நிற்கும் நண்டு

மலேசியாவின் பூச்சோங்கில் தாஸ்கா என்கிற ஒரு குழந்தைக் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எல்.டி.பி. நெடுஞ்சாலை நெரிசலுக்கு முன்னால் பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிற அம்மாக்கள் வாசலிலேயே கேட்பார்கள்: "டீச்சர், இவன் இன்னும் பேச மாட்டேங்கிறானே?"

அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது நம் பாட்டிமார் விளையாடிய நண்டு விளையாட்டு. பக்கத்தில் பிள்ளை இருந்தால் இப்போதே அதன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காரில் கேட்பவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்யலாம். உள்ளங்கையில் பருப்புக் கடையுங்கள். அம்மாவுக்கு, அப்பாவுக்கு, தாத்தாவுக்கு என்று விரல் விரலாகச் சோறு பங்கிடுங்கள். பிறகு நண்டு மணிக்கட்டிலிருந்து மேலே ஊரட்டும். அக்குளில் கிச்சுக்கிச்சு! பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும்.

நாலைந்து தடவை ஆனதும், முழங்கை மடிப்பில் நண்டை நிறுத்திவிடுங்கள். பேசாதீர்கள். மனத்துக்குள் பத்துவரை எண்ணுங்கள். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும், கையை ஆட்டும், "ம்" என்று ஒரு சத்தம் கொடுக்கும். உடனே நண்டை ஓடவிடுங்கள். தன் குரலுக்கு ஒருவர் அசைகிறார் என்று பிள்ளைக்குப் புரிகிற நேரம் அது. என் வேலையில் எனக்கு இதைவிடப் பிடித்த நேரம் கிடையாது.

இரண்டு வயதை நெருங்கிய ஒரு பையன் எங்களிடம் இருந்தான். கேட்கும் முன்பே எல்லாம் கைக்கு வந்துவிடும். பாட்டிக்கு அவ்வளவு பாசம். நண்டு நின்றால் வெறுமனே சிரிப்பான். ஒருநாள் "போ" என்றான்! அன்று சாயங்காலமே பாட்டியிடம் சொன்னேன்: "மைலோவை உடனே குடுத்துடாதீங்க பாட்டி. கோப்பையைக் காட்டிட்டுக் கொஞ்சம் பொறுங்க." சில வாரத்தில் "லோ" என்று கேட்டானாம். பாட்டி அவனைத் திருத்தவில்லை. "மைலோவா? சூடா மைலோ வேணுமா?" என்று முழுசாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அருமையான ஆசிரியை அவர்!

கைப்பேசியில் பாட்டுப் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் பேட்ரீசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாதக் குழந்தைகளோடு மாண்டரின் பேசுவோர் நேரில் விளையாடினார்கள். அந்த மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்களைத் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. திரை பிள்ளையின் முகம் பார்த்து நிற்பதில்லை, நேயர்களே.

தமிழா, மலாயா, ஆங்கிலமா என்ற குழப்பமும் வேண்டாம். பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. உங்களுக்குச் சரளமாக வருகிற மொழியில் பேசுங்கள். பாட்டியைத் தெரியாத ஆங்கிலத்தில் பேசச் சொல்லாதீர்கள்.

நேரம் முடியப்போகிறது, இதை மட்டும் கேளுங்கள். 18 மாதத் தடுப்பூசிக்குக் கிளினிக் போகும்போது பிள்ளை ஒரு சொல்கூடப் பேசவில்லை என்றால், தாதியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 2 வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றாலும் அப்படியே. அவன் தாத்தாவும் லேட்டாகத்தான் பேசினார் என்று தள்ளிப்போடாதீர்கள். முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.