லட்சுமி படமும் மெல்லிய பூச்சும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரை படித்தவள். எண்ணெய் வண்ண ஓவியம் கற்றுக்கொண்டு வருகிறேன். அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

நம்ம வீட்டுச் சுவரில் தொங்குகிற லட்சுமி படங்கள் பலவற்றுக்கு முன்மாதிரி, ரவிவர்மா 1896-ல் வரைந்த படம். அவருக்கு எண்ணெய் வண்ணத்தை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லையாம். திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த வெளிநாட்டு ஓவியர் வரைவதைப் பார்த்துப் பார்த்தே கற்றாராம். அதனால் அவர் படத்தைப் பார்த்தே நானும் பழகுகிறேன்.

அந்தப் படத்தில் எல்லாத்துக்கும் அர்த்தம் இருக்கு. சேற்றில் முளைத்தும் சேறு ஒட்டாதது தாமரை. யானை, செல்வத்துக்கும் மழைக்கும். ஒரு கை 'பயப்படாதே' என்கிறது, ஒரு கை கொடுக்கிறது.

முதலில் பழுப்பு நிறம் ஒன்றிலேயே வெளிச்சமும் நிழலும் போட வேண்டும். அது நன்றாகக் காய்ந்த பிறகு, சிவப்பை ஆளிவிதை எண்ணெயில் கரைத்துக் கண்ணாடி மாதிரி மெல்லிசாகப் பூச வேண்டும். இதுதான் கிளேசிங். அடியில் இருக்கிற நிழல் தெரியும், சேலை பட்டு மாதிரி மின்னும். கன்னத்துக்கு வேறு முறை. ஈரம் காயுமுன் இரண்டு நிறமும் சேரும் இடத்தை மெத்தென்ற காய்ந்த தூரிகையால் வருடி, கோடு தெரியாமல் கலக்க வேண்டும். அது பிளெண்டிங். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக அதிகம். மாற்றினால் பின்னால் வெடித்துவிடும்.

ஒவ்வொரு பூச்சும் காய நாள் கணக்கில் ஆகும். சிவப்பு இன்னும் தாமதம். அவசரப்படுத்த முடியாது.

இங்கேதான் என் கோரிக்கை. வண்ணம், தூரிகை வாங்கக் குழுவில் 3,000 ரூபாய் கடன் எடுத்தேன். கறவை மாடு வாங்கினால் மறுநாளே பால் ஊற்றலாம், தவணை கட்டலாம். என் படம் நாலு மாசமாகியும் முடியவில்லை. தவணை மட்டும் அடுத்த மாசமே வந்துவிட்டது. நூறு நாள் வேலைக் கூலியில்தான் கட்டினேன், ஒரு தவணையும் தவறவில்லை. ஆனால் எல்லோராலும் அப்படி முடியாது. தையல், ஓவியம் என்று கைத்தொழில் கற்கிறவர்களுக்கு முதல் தவணையை மூன்று மாதம் தள்ளி வையுங்கள். இதைக் கூட்டமைப்புத் தீர்மானமாகப் போட வேண்டும் அக்கா.

படம் முடிந்ததும் நம்ம கூட்டமைப்பு அலுவலகத்தில் கொண்டுவந்து மாட்டுகிறேன்.