கிகாஹெர்ட்ஸ் மட்டும் வேகமா?

பிள்ளையின் படிப்புக்காகப் பழைய கணினி வாங்கப் போகும் பெற்றோர் கடையில் முதலில் கேட்பது, “எத்தனை கிகாஹெர்ட்ஸ்?” என்பதைத்தான். செயலியின் கடிகாரம் விநாடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதையே அந்த எண் சொல்லும். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதைச் சொல்லாது. 2003இல் வந்த பெந்தியம் எம், குறைந்த கிகாஹெர்ட்ஸிலேயே பெந்தியம் 4-க்குப் பல வேலைகளில் ஈடுகொடுத்தது.

உண்மையை அறிய எளிய வழி உண்டு. ஒன்று முதல் ஒரு கோடி வரை எண்களைக் கூட்டும் நான்கு வரி நிரலை இரு கணினிகளிலும் ஓடவிட்டு நேரத்தைக் குறியுங்கள். ஒன்று 6 விநாடியும் மற்றது 3 விநாடியும் எடுத்தால், அந்த வேலையில் இரண்டாவது இரு மடங்கு வேகம்.

நிரல்மொழியும் அதன் பதிப்பும் ஒன்றாக இருக்கட்டும். மற்ற நிரல்களை மூடிவிடுங்கள். மடிக்கணினி என்றால் மின் இணைப்பில் இருக்கட்டும். ஐந்து முறை ஓடவிட்டு, மிகக் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகையைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். பயனில்லாத கணக்கைச் சில மொழிமாற்றிகள் செய்யாமலே விட்டுவிடும்.

இச்சோதனை செயலியின் ஒரே ஒரு கருவைத்தான் அளக்கும். நினைவகம், வட்டு பற்றி எதுவும் சொல்லாது. லினக்ஸ் தொடங்கும்போது இத்தகைய சுழற்சியால் கணிக்கும் அளவுக்கு ‘போகோமிப்ஸ்’ என்று பெயர். ‘போகோ’ என்றால் போலி! பிள்ளை அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.