மலைநாட்டு மண்ணும் ஆராய்ச்சிக்கூடமும்



பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கைத் தேயிலையின் பொற்பள்ளத்தாக்கு என்று சொல்வது வழக்கம். கெசல்கமுவ ஓயா அதனூடே பாய்ந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சேர்கின்றது. இருமருங்கும் உயர்ந்த சரிவுகளில் தேயிலைச்செடி தழைக்கவில்லையெனில், தோட்ட நிர்வாகம் வாளாவிருப்பதில்லை. சிறிது மண்ணை எடுத்துத் தலவாக்கலைக்கு அனுப்புகின்றது. அங்கே 1925ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கின்றது. மண்ணின் அமிலநிலை தேயிலைக்கு உகந்த 4.5 முதல் 5.5 வரையிலான எல்லைக்குள் உள்ளதா, டொலமைட் இடவேண்டுமா என்பவற்றை ஆராய்ந்து சொல்கின்றது. அதற்குரிய கட்டணத்தைத் தோட்டம் செலுத்துகின்றது. இதில் எவரும் குறை காண்பதில்லை.

அதே சரிவில், அதே மண்ணின்மேல், லயன்கள் நிற்கின்றன. ஏழு பேர்ச் காணிகளில் தனிவீடுகளும் எழுந்துள்ளன. செடிக்கு ஏற்றதா என்று சோதிக்கப்படும் மண், மனிதர் படுத்துறங்க ஏற்றதா என்றும் சோதிக்கப்படுகின்றதா? இக்கேள்வியே இப்பேச்சின் பொருள்.

இவ்வேலைக்கென்றும் அரசாங்கத்தின் நிறுவனம் ஒன்று உண்டு. 1984ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமே அது. 1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலைநாட்டிற் பெருமழையால் மண்சரிவுகள் பல நிகழ்ந்தன. அவற்றின் விளைவாக, 1990 முதல் இந்நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள இடங்களை வரைபடமாக்கத் தலைப்பட்டது.

இங்கே நடைபெறும் சோதனைகள் மந்திர வித்தைகள் அல்ல. நிலத்தைத் துளைத்து, 63.5 கிலோகிராம் எடையுள்ள சம்மட்டியை 760 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழவிடுவர். குழாய் குறித்த ஆழம் இறங்குவதற்கு எத்தனை அடி வேண்டியிருந்தது என்று எண்ணுவர். சில அடிகளிலேயே இறங்கினால் மண் இளகியது. பல அடி வேண்டியிருந்தால் இறுகியது. அவ்வாறே கொங்கிரீட்டை 150 மில்லிமீற்றர்க் கனசதுரமாக வார்த்து, 28 நாள் நீரில் வைத்து, இயந்திரத்தால் நசுக்கி, அது உடைவதற்கு எவ்வளவு பாரம் வேண்டும் என்று அளப்பர். பாலம் அமைப்போரும் மாடி கட்டுவோரும் கட்டணம் செலுத்தி இத்தகைய சோதனைகளைச் செய்விக்கின்றனர்.

மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய இயந்திரத்தைக் கூலிக்கு விடுவது முறையாகுமோ என்று சிலர் வினவுவர். முறையே என்பதுதான் விடை. சிறு ஒப்பந்தக்காரர் ஒவ்வொருவரும் இத்தகைய இயந்திரத்தை வாங்க இயலாது. கட்டடத்தால் இலாபம் பெறுபவர் சோதனைச் செலவை ஏற்காவிடின், அச்செலவு கொழுந்து பறிப்பவரின் வரியிலிருந்து போகும். இது புதிய வழக்கமுமன்று. கல்கத்தாவில் அரசாங்கச் சோதனைச்சாலை 1912ஆம் ஆண்டிலேயே தோன்றிற்று. இலங்கையில் 1955ஆம் ஆண்டு விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிக்கென ஒரு நிறுவனம் எழுந்தது. 1998ஆம் ஆண்டு கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் என்று பெயர் மாறிய அது, தொழிற்சாலைகள் கொணரும் பொருள்களைக் கட்டணம் பெற்றுச் சோதித்து வருகின்றது.

ஆயினும் கட்டணத்துக்குச் சில வரம்புகள் வேண்டும்.

முதலாவது, பணம் சோதனைக்கே அன்றி, முடிவுக்கு அன்று. மலைநாட்டார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் தராசு ஒருபக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கூடை சுமந்த ஒவ்வொரு பெண்ணும் அறிவாள். ஆராய்ச்சிக்கூடமும் ஒரு தராசே. பணம் கொடுத்தவர் மனம் நோகுமென்று அது சாய்ந்தால், அதன் அறிக்கை வெறுங்கடதாசியாகிவிடும்.

இரண்டாவது, பணம் கொண்டு வருபவர் முன்னே நிற்க, பணமில்லாதவர் வரிசையின் கடையில் நிற்கலாகாது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின் மழையால் மலைநாடெங்கும் மண் சரிந்தது. நாட்டில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அத்தகைய வேளையில், எங்கள் வீட்டுக்கு மேலுள்ள சரிவு நிலைக்குமா என்று எத்தனையோ குடும்பங்கள் ஒரே காலத்தில் கேட்கின்றன. ஆராய வல்லவர்களோ சிலரே. அவர்கள் முதலில் எங்கே செல்லவேண்டும்? விடுதி கட்டுபவரின் காணிக்கா? விரிசல் கண்ட லயனுக்கா? செல்வர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கு வறியவர் சரிவை ஆராயும் செலவாகட்டும். அப்பொழுதுதான் அக்கட்டணம் அறமாகும்.

மூன்றாவது, சோதனையின் முடிவு அங்கே வாழ்பவர் கையைச் சேரவேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் அபாயமானது என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆகவே அங்கே ஆராய்ச்சி தவறவில்லை. அறிந்த உண்மை செயலாகவில்லை. வெளியேறுக என்று சொன்னால் மட்டும் போதாது. போய்ச் சேருவதற்கு ஓர் இடமும் வேண்டும். தேயிலை மண்ணின் அறிக்கை நிர்வாகத்தின் மேசைக்குச் சென்றாற் போதும், உரமிடுபவர் அவரே. குடியிருக்கும் மண்ணின் அறிக்கையோ தமிழில் எழுதப்பட்டு, அம்மண்ணில் உறங்குபவர் முன் வாசிக்கப்படவேண்டும்; மாற்றிடம் தர வேண்டியவர் யார் என்பதும் அதிற் குறிக்கப்படவேண்டும்.

ஆராய்ச்சியின் பயனில் விலையின்றிக் கிடைக்கும் பகுதியும் உண்டு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்கவேண்டும். 100 மில்லிமீற்றரானால் புறப்பட ஆயத்தமாகவேண்டும். 150 மில்லிமீற்றரானாலோ, ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ, வெளியேறவேண்டும். இவ்வளவையும் அந்நிறுவனமே வகுத்துச் சொல்லியிருக்கின்றது. தோட்டப் பாடசாலை முற்றத்தில் ஒரு மழைமானியை நட்டு, மாணவர் நாள்தோறும் அளந்து கரும்பலகையில் எழுதினால், தலைநகரிற் பிறந்த அறிவு லயன் வாசலை அடையும்.

கட்டணம் வாங்கட்டும், கணக்கும் காட்டட்டும். ஆனால், தேயிலைச் செடியின் வேருக்குக் கிடைக்கும் கவனம், அச்செடியை வளர்த்தவரின் வீட்டு அத்திவாரத்துக்கும் கிடைக்கவேண்டும். அரசாங்கத்தின் ஆராய்ச்சிக்கூடத்திடம் மலைநாடு கேட்பது அதனையே.