ஹெட்போனின் குணம்

ஒரே பாட்டு இரண்டு ஹெட்போன்களில் வெவ்வேறாக ஒலிப்பதேன் என்று நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. மனிதச் செவி விநாடிக்கு ஏறக்குறைய 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை உணரவல்லது. இப்பரப்பில் எப்பகுதியை மிகுத்து, எப்பகுதியைக் குறைத்து ஒலிக்கிறது என்பதே ஒரு ஹெட்போனின் குணம். மிருதங்கத்தின் தொப்பி பாடகர் குரலை மூடினால் கீழ்ப்பகுதி மிகுதி. 'ஸ' என்னும் ஓசை காதைக் குத்தினால் மேற்பகுதி மிகுதி.

எல்லா அதிர்வுகளையும் செவிப்பறைக்குச் சமமாகச் சேர்க்கும் கருவியே சிறந்ததோ எனில், அன்று. நேரில் கேட்கும் ஒலியைச் செவிமடலும் செவிக்குழலும் 3,000 அதிர்வை ஒட்டிய பகுதியில் பெருக்கியே தருகின்றன. நாம் அதற்கே பழகியவர்கள். ஹெட்போனிலும் அவ்வேற்றம் இருத்தல் வேண்டும். 2013-ஆம் ஆண்டையொட்டி ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் முதலானோர் நடத்திய சோதனைகளில், நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கி தரும் ஒலியை ஒத்த சமநிலையையே பெரும்பாலோர் விரும்பினர்.

இன்னொன்றும் உண்டு. 1933-இல் பிளெட்சரும் மன்சனும் காட்டியபடி, ஒலி தணியத் தணியத் தாழ்ந்த ஓசைகளே செவிக்கு முதலில் மங்குகின்றன. எனவே அவை போதாத கருவியில் நாம் ஒலியையே கூட்டிவிடுகிறோம். கேடு அங்கே தொடங்குகிறது. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேளாதிருத்தல் நலம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேரொலியால் அழிந்த செவியின் நுண்ணுயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை.

ஆகவே வாங்குமுன், பழகிய பாட்டொன்றைத் தணித்துவைத்துக் கேளுங்கள். இரு கருவிகளையும் ஒரே அளவு ஒலியில் ஒப்பிடுங்கள். உரக்க ஒலிப்பது உயர்ந்ததாகத் தோன்றி ஏமாற்றும். தணிந்த ஒலியிலும் தம்புராவும் மிருதங்கமும் குரலும் தத்தம் இடத்தில் நிற்குமாயின், அக்கருவி உங்களுக்கு உற்றது.