காவலும் கட்டுப்பாடும்

நான் ஆசிரியப் பணியில் இருந்த நாளில் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். நன்றாகப் படிப்பவன். ஒரு பருவத்தில் அவனுடைய கையெழுத்துக் கோணலாயிற்று. காலை முதற் பாடவேளையில் சொல்வதெழுதுதலை அவனால் எழுதி முடிக்க இயலவில்லை. சோம்பல் என்று எண்ணி அவனைக் கடிந்துகொண்டேன். சில வாரங்கள் சென்றபின் அவன் தந்தையார் வந்தார். பையனுடைய விரல் மூட்டுகள் காலை வேளையில் வீங்கி இறுகிவிடுகின்றன என்றும், அது மூட்டுவாதம் என்று மருத்துவர் கண்டறிந்தார் என்றும் கூறினார். “வெளியிலிருந்து வந்த கிருமி எதுவும் அன்று, உடம்பின் காவற்படையே உடம்பைத் தாக்குகிறது” என்று மருத்துவர் விளக்கினாராம். காவலர் ஏன் வீட்டாரையே அடிக்க வேண்டும் என்ற வினா அன்று முதல் என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அதற்கு அறிவியல் தரும் விடையில் ஒரு பகுதியை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நம் இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களில் ஒரு வகைக்கு டி அணுக்கள் என்று பெயர். மார்பெலும்பின் பின்னே அமைந்துள்ள தைமஸ் என்னும் உறுப்பில் அவை பக்குவம் அடைகின்றன. நோய்த்தடைக்கு அவ்வுறுப்பு இன்றியமையாதது என்பதை 1961-இல் ழாக் மில்லர் என்பவர் சுண்டெலிகளைக் கொண்டு நிறுவினார். கிருமி புகுந்ததை உணர்ந்தவுடன் டி அணு விழித்தெழுகிறது. ஒன்று பலவாகப் பெருகுகிறது. போர் முடிந்தபின் இப்படை கலைய வேண்டும். கலையாவிட்டால், அல்லது சிறு காரணத்திற்கெல்லாம் விழித்தெழுந்தால், நாட்டைக் காக்க வந்த படையே நாட்டைச் சூறையாடும் நிலை உண்டாகும். அப்படியானால் இப்படையை அடக்குவோர் யார்?

அடக்குவோர் பலர். அவர்களுள் ஒரு கூட்டமே காலெக்டின் என்னும் புரதங்கள். இவை சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. சர்க்கரை என்றதும் கரும்புச் சர்க்கரையை நினைக்க வேண்டா. நம் உயிரணு ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் பலவகைச் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலிகளாகவும் கிளைகளாகவும் அடர்ந்து ஒரு போர்வை போல அமைந்துள்ளன. அவற்றுள் காலக்டோஸ் என்னும் சர்க்கரையைக் கொண்ட கிளைகளையே காலெக்டின்கள் தேடிப் பற்றுகின்றன. இக்குடும்பத்தைச் சேர்ந்த புரதம் ஒன்றினை விவியன் டைக்பெர்க் என்பவரும் அவர்தம் தோழர்களும் மின்விலாங்கின் மின்னுறுப்பிலிருந்து பிரித்தெடுத்து 1975-இல் அறிவித்தனர். காலெக்டின் என்ற பொதுப்பெயர் 1994-இல் வழங்கப்பட்டது.

இவை டி அணுவை அடக்கும் வழிகளுள் இரண்டினைக் காண்போம்.

முதலாவது, விழித்தெழுவதையே கடினமாக்குவது. டி அணுவின் மேலுள்ள ஏற்பிகள் ஓரிடத்தில் கூடினால்தான் அது விழிக்கும். அவ்வேற்பிகள்மேல் வளர்ந்த சர்க்கரைக் கிளைகளைக் காலெக்டின்-3 ஒன்றோடொன்று பிணைத்து வலை போலப் பின்னிவிடுகிறது. வலையில் அகப்பட்ட ஏற்பிகள் எளிதிற் கூட மாட்டா. சர்க்கரைக் கிளைகளைப் பெருக்கும் ஒரு நொதி இல்லாத சுண்டெலிகளை டொராண்டோ நகர ஆய்வாளர்கள் உண்டாக்கி, 2001-இல் முடிவை வெளியிட்டனர். கிளை குறைந்தமையால் வலை தளர்ந்தது. டி அணுக்கள் சிறு தூண்டுதலுக்கும் கிளர்ந்தெழுந்தன. அவ்வெலிகளின் சிறுநீரகம் தன்னுடம்பின் தாக்குதலுக்கே இலக்காயிற்று.

இரண்டாவது, போர் முடித்த படையைக் கலைப்பது. கிளர்ச்சியுற்ற டி அணுக்களைக் காலெக்டின்-1 பற்றும்போது அவை தாமே மடிந்துபோவதை லிண்டா பாமும் தோழர்களும் 1995-இல் காட்டினர். 1999-இல் காப்ரியேல் ராபினோவிச் முதலானோர், மூட்டுவாதம் உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளில் இப்புரதம் அந்நோயைத் தணிப்பதைக் கண்டனர். டி அணுக்கள் எல்லாவற்றையும் இப்புரதம் ஒருங்கே அழிப்பதில்லை. அழற்சியை வளர்க்கும் சில வகை அணுக்களின் சர்க்கரைக் கிளைகள் மூடப்படாமல் இருப்பதால் அவை அகப்படுகின்றன. வேறு வகை அணுக்களின் கிளை நுனியைச் சியாலிக் அமிலம் என்னும் மற்றொரு சர்க்கரை மூடியிருப்பதால் அவை தப்புகின்றன. இதனை 2007-இல் புவனஸ் அயர்ஸ் நகர ஆய்வாளர்கள் விளக்கினர்.

அப்படியானால் இப்புரதத்தை எல்லா நோயாளிகளுக்கும் ஊட்டிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் நாம் நின்று எண்ண வேண்டும். சில புற்றுநோய்க் கட்டிகளும் காலெக்டின்-1ஐ மிகுதியாகச் சுரக்கின்றன. தம்மை அழிக்க வரும் டி அணுக்களை அதனாலேயே வீழ்த்துகின்றன. சுண்டெலியின் தோற்புற்றில் இப்புரதத்தைக் குறைத்தபோது உடம்பு கட்டியை எதிர்த்து நின்றதை 2004-இல் கண்டனர். மூட்டைக் காக்கும் அதே கை கட்டியையும் காக்கிறது. காவல் மிகுந்தால் ஒரு நோய். கட்டுப்பாடு மிகுந்தால் மற்றொரு நோய். மேலும், சுண்டெலியிற் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று துணிவதற்கும் இல்லை. எவ்விடத்தில், எவ்வளவு, எக்காலத்தில் என்ற மூன்றையும் அறிந்தாலன்றி இவ்வறிவு மருந்தாகாது. அவற்றை அறியும் பணி உங்கள் தலைமுறைக்காகக் காத்திருக்கிறது.

என் மாணவனைப் பற்றி ஒரு சொல் கூறி முடிக்கிறேன். அவன் தந்தையார் வந்துபோன மறுநாள், வகுப்பார் முன்னிலையிலேயே நான் அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். “பரவாயில்லை ஐயா, பத்து மணிக்கு மேல் விரல் மடங்கும், அப்போது எழுதிவிடுவேன்” என்றான் அவன். அன்று முதல் சொல்வதெழுதுதலைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொண்டேன். நோயைத் தீர்க்கும் வழி என்னிடம் இல்லை. பாடவேளையை மாற்றும் உரிமை இருந்தது. உங்கள் வகுப்பிலும் வெளியே தெரியாத நோயுடன் ஒருவர் அமர்ந்திருக்கலாம். அவரைச் சோம்பேறி என்று சொல்லுமுன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.